முதல் சர்வதேச வாள்வீச்சுப் போட்டி: பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணி. கருவிகளைச் சோதிக்கும் மேசைக்கு முன்னால் என் மகள் நிற்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி, "வாள் பிடிக்கும் நிலையில் நில்" என்று சைகை காட்டினார். மகள் முழங்காலை மடக்கி நின்றாள். அந்த அதிகாரி குனிந்து ஜாக்கெட்டின் கீழ் விளிம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கூடாது என்று தலையை ஆட்டினார். ஜாக்கெட் கால்சட்டையின் மேல் குறைந்தது 10 சென்டிமீட்டர் இறங்கி மூட வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் வாங்கும்போது சரியாகத்தான் இருந்தது. பெண் அதற்குள் வளர்ந்துவிட்டாள்.

அடுத்து அவளைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தார்கள். மின்சாரம் கடத்தும் மேலங்கியான லமேயில் அச்சடித்திருந்த பெயரும் பட்டியலில் இருந்த பெயரும் வேறு வேறு. மறுநாள் காலைக்குள் இரண்டையும் சரிசெய்து வரச் சொன்னார்கள். அரங்கத்தில் கடை போட்டிருந்தவரிடம் 140 யூரோ கொடுத்துப் புது லமே வாங்கிப் பெயர் அச்சடித்தோம். அவள் அளவுக்கு ஜாக்கெட் கிடைக்கவில்லை. வேறு நாட்டுப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, தன் மகளின் இரண்டாவது ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இரண்டுமே வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தெரிந்திருக்கும் விஷயங்கள். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் வாள்வீச்சுப் பெற்றோர் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்காக இதை எழுதுகிறேன். என் மகள் ஆடுவது சேபர் என்ற வாள் வகை. அதனால் கருவி விவரம் எல்லாம் சேபரை ஒட்டியே இருக்கும். ஃபாயில், எப்பே என்ற மற்ற இரண்டு வகைகளை ஆடுகிறவர்களுக்கும் ஆவணம், பயணம், மருந்து பற்றியவை அப்படியே பொருந்தும்.

1. பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் முதலில் எடுத்துப் பாருங்கள்

ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. வாள் வாங்குவதெல்லாம் அப்புறம்.

பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாநிலத்தில் பிறந்த உடன் பெயர் இல்லாமல் பதிவு செய்து, சான்றிதழை அப்படியே பீரோவில் வைத்துவிட்ட குடும்பங்கள் நிறைய. பள்ளிச் சேர்க்கையின்போது யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இங்கே கேட்பார்கள். பெயர் இல்லையென்றால் பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்திலேயே சேர்க்க வேண்டும்.

அடுத்தது பாஸ்போர்ட். சிறுவர்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் தருவார்கள். எட்டு வயதில் எடுத்தது பதின்மூன்றில் முடிந்துவிடும். சர்வதேசப் போட்டிகள் ஆரம்பிக்கும் வயதும் சரியாக அதுதான். ஷெங்கன் நாடுகளுக்குப் போவதானால், திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இப்போது நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் காலியாக விட்டுவிடுவார்கள். வாள்வீச்சிலோ முதுகில் எழுத வேண்டியது குடும்பப்பெயர். உங்கள் பெண் பெயர் கயல்விழி, பாஸ்போர்ட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முருகேசன் என்று இருந்தால், போட்டிப் பட்டியலில் முருகேசன் என்றுதான் வரும். முதுகிலும் முருகேசன்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஆசையாக மகளின் பெயரை அச்சடித்து எடுத்துப் போனோம்.

ஆகவே பாஸ்போர்ட், சங்கப் பதிவு, சர்வதேச உரிமம், போட்டிப் பதிவு, முதுகில் அச்சு, இந்த ஐந்திலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் என்பது என் ஆலோசனை. விசா, விமானச்சீட்டு, போட்டிப் பதிவு மூன்றிலும் அந்தக் காலிக் கட்டம் தொல்லை தரும்.

2. சங்கப் பதிவும் சர்வதேச உரிமமும்

நீங்களாகவே பணம் கட்டி வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. உலக வாள்வீச்சுக் கூட்டமைப்பான எஃப்ஐஇ-யின் உரிமம் இந்திய வாள்வீச்சுச் சங்கம் வழியாகத்தான் வரும். போட்டிப் பதிவும் அவர்கள் வழியாகத்தான். அதற்கு முன் மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற படிகளை ஏற வேண்டும். தரவரிசையையும் தேர்வுப் போட்டிகளையும் வைத்துத்தான் பெயர் போகும்.

உரிமம் ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பிக்க வேண்டியது. போன வருடம் எடுத்தோமே என்று இருந்துவிடாதீர்கள்.

வயதுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. கேடட் பிரிவு 17 வயதுக்கு உட்பட்டது, ஜூனியர் 20-க்கு உட்பட்டது. இந்த வயதைப் போட்டி நடக்கும் நாளை வைத்துப் பார்ப்பதில்லை. பருவம் செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டில் முடியும். அந்த மறு ஆண்டை வைத்துத்தான் கணக்கு. 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்துக்கு, 2009-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்தான் கேடட். "இன்னும் பதினேழு முடியலையே" என்று அக்டோபர் போட்டிக்குத் திட்டமிட்டு ஏமாந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கீழேயும் ஒரு வரம்பு உண்டு. 13 வயது நிறையாதவர்களுக்கு எஃப்ஐஇ போட்டிகளில் இடமில்லை.

சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், பெற்றோர் ஒப்புதல் கடிதம், மருத்துவச் சான்று. சொந்தச் செலவில் போகிறீர்கள் என்றால் அரசுக்குச் செலவில்லாத பயணம் என்ற வகையில் அனுமதிக் கடிதம் வாங்குவார்கள். விசாவுக்கு அந்தக் கடிதமும், போட்டி நடத்துகிறவர்களின் அழைப்புக் கடிதமும் தேவைப்படும். இரண்டும் கையில் வர நாள் ஆகும். குறைந்தது இரண்டரை மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வாரம் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள்.

பள்ளிக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் செய்முறைத் தேர்வுத் தேதியையும் போட்டி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3. கருவி வாங்குதல்: எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

உள்ளூர்ப் போட்டியில் ஓடிய கருவி சர்வதேசப் போட்டியில் ஓடாது. ஜாக்கெட்டின் உள்பக்கத் தையலில் ஒரு சின்ன வில்லை இருக்கும். அதில் எஃப்ஐஇ என்றும் 800 நியூட்டன் என்றும் இருக்க வேண்டும். 350 நியூட்டன் என்று இருந்தால் அது பயிற்சிக்கு மட்டும். துணியைக் கிழித்து உள்ளே போக எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. உடைந்த வாளின் முனை கத்தி மாதிரி. அதனால் இதில் சிக்கனம் பார்க்க எனக்கு மனம் வராது.

சேபருக்குத் தேவைப்படுபவை, நாங்கள் ரூபாயில் கொடுத்த தோராய விலையோடு. யூரோ ஏற இறங்க இதுவும் மாறும்.

மாஸ்க், கழுத்துப்பகுதித் துணி 1600 நியூட்டன்: 15 முதல் 20 ஆயிரம்.
ஜாக்கெட், கால்சட்டை, ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் அரைப் பாதுகாப்பு உடுப்பான பிளாஸ்ட்ரான், மூன்றும் 800 நியூட்டன்: 30 முதல் 45 ஆயிரம்.
மின்சாரம் கடத்தும் மேலங்கியான லமே: 10 முதல் 15 ஆயிரம்.
கையுறை, சேபருக்கு இதுவும் 800 நியூட்டன்: சுமார் 5 ஆயிரம்.
வாள், ஒன்று 8 முதல் 12 ஆயிரம்.
வாளையும் லமேயையும் புள்ளி காட்டும் மின்கருவியோடு இணைக்கும் பாடி வயர், மாஸ்கை லமேயோடு இணைக்கும் மாஸ்க் வயர், காலணி, நீளமான பை: எல்லாம் சேர்த்து 25 ஆயிரம்.

பெண் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம் கட்டாயம். இரண்டு வாளோடு மொத்தத்தில் ஒரு லட்சத்துக்குக் குறையாது. ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர்கள் மாஸ்க், பிளாஸ்ட்ரான், கையுறை என்ற வரிசையில் முதலில் வாங்குங்கள். உயிரைக் காப்பவை அவை. பிள்ளை வளர்ந்தாலும் சில வருடம் தாங்கும். ஜாக்கெட்டையும் கால்சட்டையையும் கடைசியில், போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு வாங்குங்கள். அளவு பார்க்கும்போது நேராக நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். வாள் பிடிக்கும் நிலையில் முழங்காலை மடக்கி, கையை நீட்டி நிற்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஜாக்கெட் 15 சென்டிமீட்டர் இறங்கினால், பிள்ளை கொஞ்சம் வளர்ந்தாலும் 10 மிஞ்சும்.

வாள் எத்தனை? விதிப்படி மேடைக்கு இரண்டு வாளோடு வர வேண்டும். இரண்டு பாடி வயர், இரண்டு மாஸ்க் வயர். மாற்று இல்லாமல் வந்தால் மஞ்சள் அட்டை. நான்கு வாள் எடுத்துப் போங்கள் என்பேன். ஒரே நாளில் இரண்டு உடைவது சேபரில் சாதாரணம். வாளின் எடை 500 கிராமுக்குக் குறைவாகவும், மொத்த நீளம் 105 சென்டிமீட்டருக்குள்ளும், அலகு மட்டும் 88-க்குள்ளும் இருக்க வேண்டும். அலகின் அடிப்பகுதியில் எஃப்ஐஇ முத்திரை பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தை நம்பி இணையத்தில் வாங்கினால், அந்த முத்திரை இல்லாமல் வந்து நிற்கும். எங்களுக்கு ஒரு முறை அப்படி வந்தது. திருப்பி அனுப்ப ஆறு வாரம் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அஞ்சல் செலவும் தனி.

முதுகில் அச்சு: ஆங்கிலப் பெரிய எழுத்தில், கருநீலத்தில், 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் குடும்பப்பெயர். அதன் கீழே நாட்டின் மூன்றெழுத்துக் குறி. சேபரில் இது லமேயின் மேல் வரும். சாதாரணத் துணியில் எழுதி லமேயின் மேல் தைக்கக்கூடாது. அந்த இடத்தில் மின்சாரம் பாயாது, சோதனையில் தள்ளிவிடுவார்கள்.

4. வீட்டிலேயே சோதனை: மல்டிமீட்டரும் அரை கிலோ படிக்கல்லும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காசு மிச்சமாவது இங்கேதான்.

சேபரில் எதிராளியின் லமேயையோ மாஸ்கையோ வாள் தொட்டால் மின்சுற்று மூடி விளக்கு எரியும். லமேயில் ஓர் இடம் செத்துப்போனால் அங்கே பட்ட அடி பதிவாகாது. உங்கள் பிள்ளைக்கு அது ஆதாயம் போலத் தெரியும். சோதனையில் கண்டுபிடித்தால் லமேயே போய்விடும். விதிப்படி லமேயின் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் மின்தடை 5 ஓமைத் தாண்டக்கூடாது. 500 கிராம் எடையுள்ள ஒரு முனையை வைத்துச் சோதிப்பார்கள்.

சென்னை ரிட்சி தெருவில் 400 ரூபாய்க்கு, மின்தடையை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கினோம். மளிகைக் கடைத் தராசில் வைக்கும் அரை கிலோ படிக்கல் வீட்டிலேயே இருந்தது. செய்முறை இதுதான். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை, கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு லமேயை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு முனையைக் கழுத்துக்குப் பின்னால் வயர் மாட்டும் கிளிப்பில் பொருத்துங்கள். இன்னொரு முனையில் ஒரு நாணயத்தை ஒட்டி, அதன் மேல் படிக்கல்லை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். மார்பு, தோள், அக்குள், மணிக்கட்டு, முதுகு. எண் 2, 3-க்குள் இருந்தால் நிம்மதி. 5-ஐ நெருங்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள்.

எங்களுக்கு முதலில் செத்தது வாள் கையின் முழங்கை மடிப்பும் அக்குளும். வியர்வை தேங்கும் இடங்கள். சென்னைக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் உலோக இழை கறுத்துப்போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் லமேயைப் பைக்குள் சுருட்டி வைக்காமல், அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மின்விசிறிக்கு அடியில் தொங்கவிடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் காயவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். பயிற்சிக்கு ஒரு பழைய லமே, போட்டிக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் ஆயுள் கூடும்.

வயர்களுக்கு 1 ஓம்தான் வரம்பு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளந்துகொண்டே வயரை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக் பக்கத்தில்தான் அறும். திருகைத் திறந்து, அரை அங்குலம் வெட்டி, மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். இதைப் பிள்ளைக்கே கற்றுக்கொடுங்கள். போட்டி நடக்கும்போது மேடைப் பக்கம் உங்களை விடமாட்டார்கள்.

மாஸ்கில் வலையைக் கட்டைவிரலால் நெற்றிப் பக்கம் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அதன் காலம் முடிந்தது. சோதனையில் ஒரு கருவியால் குத்திப் பார்ப்பார்கள். துருப் புள்ளி, கிழிந்த கழுத்துத் துணி, தளர்ந்த பின்பட்டை மூன்றையும் கவனியுங்கள்.

5. பயிற்சி: அந்த நாள் எப்படி ஓடுமோ அப்படியே பழக்குங்கள்

வாள் வித்தையைச் சொல்லித்தரப் பயிற்சியாளர் இருக்கிறார். நான் சொல்வது போட்டி நாளின் ஓட்டத்தைப் பற்றி.

காலையில் குழுச் சுற்று. ஆறு அல்லது ஏழு பேர் கொண்ட குழுவில் எல்லோரோடும் ஐந்து புள்ளி ஆட்டம். சேபரில் ஒரு ஆட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே தோற்றாலும் 5-க்கு 4 என்று தோற்பதும் 5-க்கு 0 என்று தோற்பதும் ஒன்றல்ல. முதலில் வெற்றி விகிதம், அது சமமானால் அடித்த புள்ளிக்கும் வாங்கிய புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் என்று வரிசைப்படுத்தி, கடைசியில் இருக்கும் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோற்கிற ஆட்டத்தில் எடுக்கும் ஒரு புள்ளி அடுத்த சுற்றுக்கு வாசலைத் திறக்கலாம். இதைப் பிள்ளையிடம் ஊரிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு நேரடி வெளியேற்றம், 15 புள்ளி. ஒருவர் 8-ஐத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை. நம் பிள்ளைகள் பயிற்சிக்கூடத்தில் ஐந்து புள்ளி ஆட்டம்தான் அதிகம் ஆடுகிறார்கள். எட்டுக்குப் பிறகு எதிராளி உத்தியை மாற்றுவதைப் பார்த்துப் பழகவேயில்லை. வாரத்தில் ஒரு நாளாவது இடைவேளையோடு முழு 15 புள்ளி ஆட்டம் கேளுங்கள். குழுச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். உடம்பு ஆறிவிடும். ஞாயிறு பயிற்சியில் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி சூடேற்றி ஆடவிட்டோம். அது பெரிய உதவியாக இருந்தது.

நடுவரின் மொழியும் பழக வேண்டும். இரண்டு விளக்கும் எரிந்தால் தாக்கும் உரிமை யாருடையது என்று நடுவர் கைச்சைகையால் சொல்வார். வார்த்தைகள் பிரெஞ்சு. ஆங்கார்ட் (நிலையில் நில்), ப்ரே (தயாரா), ஆலே (தொடங்கு), ஹால்ட் (நிறுத்து). ஆலே சொல்வதற்குள் கால் நகர்ந்தால் எச்சரிக்கை. சேபரில் பின்னங்காலை முன்னங்காலைத் தாண்டி முன்னே வைத்தால் புள்ளி ரத்து, மஞ்சள் அட்டை. நம் ஊர்ப் பயிற்சியில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். களைப்பில் கால் தானாகக் குறுக்கே போகும், அங்கே யாரும் விடமாட்டார்கள்.

6. மருந்து: இருமல் சிரப்பில் இருக்கும் ஆபத்து

ஊக்கமருந்துச் சோதனை பெரியவர்களுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். சிறுவர்களையும் கூப்பிடலாம்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்கும் பல இருமல் சிரப்புகளில் டெர்பூட்டலின் இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் அது எப்போதும் தடை செய்யப்பட்டது. போட்டி நாளில் மட்டும் என்றில்லை. வீட்டிலிருக்கும் சிரப் பாட்டில்களின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் சால்பூட்டமால் இன்ஹேலர் எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த எட்டு மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்பு உண்டு. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறு அழுத்து. ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக் காலத்தில் கூடாது. தவிர்க்க முடியாத மருந்து என்றால், சிகிச்சைக்கான விலக்குக்கு மருத்துவரின் ஆவணங்களோடு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த மருத்துவரிடம் போனாலும், "பிள்ளை போட்டிகளில் ஆடுகிறாள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

7. விசா, டிக்கெட், பை

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன் கொடுத்தாக வேண்டும். அந்த 15 நாளை நம்பாதீர்கள். நேரில் வரச் சொல்லும் தேதி கிடைப்பதே கஷ்டம். இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 12 வயது நிறைந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், அழைப்புக் கடிதம், பள்ளிச் சான்று, தங்குமிடப் பதிவு எல்லாம் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதலை நோட்டரி கையொப்பத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வாளைக் கைப்பையில் எடுத்துப் போக முடியாது. நீளமான பையை விமானத்தின் சரக்குப் பகுதிக்குத்தான் கொடுக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனம் எத்தனை கிலோ, எவ்வளவு நீளம் வரை அனுமதிக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பை தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டே அடுக்குங்கள். மாஸ்க், லமே, கையுறை, காலணி, ஜாக்கெட், கால்சட்டை, பிளாஸ்ட்ரான் ஆகியவை கைப்பையில். வாள்கள் மட்டும் பெரிய பையில். வாளை யாரிடமும் இரவல் வாங்கி ஆடிவிடலாம். காலில் பழகிய காலணியும் முகத்தில் பொருந்திய மாஸ்கும் இரவல் கிடைக்காது.

நாங்கள் இரண்டு பேர் போய்வர விமானம், ஐந்து இரவு தங்கல், சாப்பாடு, விசா, போட்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் ஆனது. அந்த 140 யூரோவும் சேர்த்துத்தான்.

8. போட்டிக்கு முந்தைய நாளும் போட்டி நாளும்

இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். மத்திய ஐரோப்பா குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். பிள்ளை விடியற்காலை மூன்றுக்கு விழித்துக்கொள்வாள். முதல் நாள் அது போகட்டும், இரண்டாம் நாள் சரியாகிவிடும்.

கருவிச் சோதனை திறக்கும் நேரத்திலேயே போய் நில்லுங்கள். ஏதாவது தள்ளுபடியானால் சரிசெய்ய அந்த மாலை முழுக்க இருக்கும். தேறிய ஒவ்வொரு பொருளிலும் முத்திரை குத்தியிருக்கிறதா என்று மேசையை விட்டு நகரும் முன் பாருங்கள்.

அன்றிரவு குழுப் பட்டியல் வெளியாகும். மேடை எண், நேரம் இரண்டையும் காகிதத்தில் எழுதி வாள் பையில் ஒட்டுங்கள். நேரம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை நம் சென்னைப் பெண் பவானி தேவி. பதினான்கு வயதில் துருக்கியில் ஆடப்போன தன் முதல் சர்வதேசப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் மூன்று நிமிடத்தை யாரும் தாமதமாகவே எண்ணமாட்டோம். குழு தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே மேடைக்கு அருகில், முழு உடுப்போடு, வயர் மாட்டி நிற்கட்டும். கழிப்பறை, தண்ணீர் எல்லாம் அதற்கு முன்.

சாப்பாட்டுக்கு ஒரு சின்ன மின்குக்கர் எடுத்துப் போனோம். கஞ்சியும் பருப்புப்பொடிச் சாதமும் அவளைத் தெம்பாக வைத்திருந்தன. தெரியாத சாப்பாட்டை அன்றைக்கு முயல வேண்டாம்.

9. திரும்பி வந்த பிறகு

உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதென்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் திட்டங்களும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் இருக்கின்றன. தகுதி விதிகளைப் போகும் முன்பே படித்துவிடுங்கள். முன் அனுமதி கேட்கும் இடத்தில் பின்னால் கேட்டால் கிடைக்காது. எதற்கு விண்ணப்பித்தாலும் விமானத்தில் ஏறிய சீட்டின் கிழித்த பாதி, தங்குமிட ரசீது, கருவி வாங்கிய ரசீது, பங்கேற்புச் சான்றிதழ், முடிவுப் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். பங்கேற்புச் சான்றிதழை அரங்கத்தை விட்டு வெளியே வரும் முன் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்து மின்னஞ்சல் அனுப்பி வாங்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், விமானத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பையைத் திறந்து லமேயை வெளியே எடுத்துத் தொங்கவிடுங்கள். இரண்டு நாள் பைக்குள் ஈரத்தோடு கிடந்தால் அக்குள் பக்கம் கறுக்கத் தொடங்கிவிடும்.